பயணத்தை விற்றவர் படுக்கைக்கும் பொறுப்பு

சபரிமலை யாத்திரையை அரசு அங்கீகரித்த புனித யாத்திரையாக ஏற்றுக்கொள்ள 2025 ஏப்ரலில் இலங்கை அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இலங்கையிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,000 பேர் அங்கே போகிறார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள், வேலூருக்கும் மதுரைக்கும் வைத்தியத்துக்குப் போகிறவர்கள், கலியாணச் சேலை எடுக்கத் தியாகராய நகருக்குப் போகிறவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. இத்தனை பேரும் போன ஊரில் எந்த மாதிரி அறையில் படுக்கிறார்கள்? அந்த அறை படுக்கத் தகுதியில்லாமல் இருந்தால், இங்கே பணம் வாங்கியவர்களில் யார் பதில் சொல்வது? யாத்திரைக்கு அங்கீகாரம் கிடைத்திருக்கும் இந்த நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் மதில்களில் ஒட்டியிருக்கும் யாத்திரை விளம்பரங்களைப் பாருங்கள். விமான டிக்கெட், விசா, பஸ், மூன்று வேளைச் சாப்பாடு, கும்பிடப் போகும் கோயில்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். தங்குமிடத்துக்கு மட்டும் ‘உட்பட’ என்ற ஒரு சொல்லோடு சரி. எந்த ஊரில், எந்த விடுதியில், ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று இருக்காது. கேட்டால் “நல்ல இடம்தான், பயப்படாதீங்க” என்பார்கள்.

முகத்துவாரத்திலிருந்து இந்தப் பயணங்களுக்குப் போகிறவர்கள் மீன்பிடித் துறையிலும் துறைமுகத்திலும் உழைக்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள். சீட்டுக் கட்டி, நகையை அடகு வைத்து, பிள்ளைக்காகவோ வருத்தக்காரருக்காகவோ வைத்த நேர்த்தியை முடிக்கப் போகிறார்கள். முதல் தடவை விமானம் ஏறுகிறவர்கள் அதில் பலர். அங்கே போய் இரவு பத்து மணிக்கு ஒரு மோசமான அறைக்குள் தள்ளப்பட்டால், வேறு விடுதி பார்த்துப் போகக் கையில் இந்தியக் காசும் இருக்காது, ஊரும் தெரியாது. அதனால்தான் பேசாமல் படுத்துவிடுகிறார்கள்.

அந்த அறை

வேளாங்கண்ணிக்குப் போகும் ஒரு குழுவோடு பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் போயிருக்கிறேன். சென்னையில் இறங்கியதும் முதல் தங்கல், ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த லொட்ஜில். நான்கு மாடி, லிப்ட் கிடையாது. முழங்கால் வலியோடு பெரியம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். இருவர் படுக்கும் அறைக்கு எங்களில் நான்கு பேர். தரையில் போட இரண்டு மெத்தை கொண்டுவந்து போட்டான் ஒரு பையன்.

கட்டிலில் விரித்திருந்த விரிப்பில் நீளமான நரைமுடி ஒன்று கிடந்தது. விரிப்பைத் தூக்கினால் மெத்தையின் தையல் ஓரமெல்லாம் மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். தலைமாட்டுச் சுவரில் விரலால் நசுக்கித் தேய்த்த பழுப்புக் கோடுகள் பலவும் இருந்தன. எங்களுக்கு முன் அங்கே படுத்தவர்கள் இரவெல்லாம் மூட்டைப் பூச்சியோடு போராடியிருக்கிறார்கள் என்பது அதைப் பார்த்ததுமே விளங்கியது. தலையணை உறையைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு எண்ணெயிலும் வியர்வையிலும் ஊறி மஞ்சளாகி, கட்டி கட்டியாக இருந்தது.

மலசலகூடத்துக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கம்பி சுற்றியிருந்தார்கள். வாளியின் உட்புறம் பாசி பிடித்து வழுக்கியது. குழாயைத் திறந்தால் முதலில் துருநிறத் தண்ணீர். ஒருவர் குளிக்க இன்னொருவர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குழுவில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் அந்தக் கதவோடு பட்ட பாட்டை இங்கே விரித்து எழுத மனமில்லை.

கீழே போய்ச் சொன்னபோது, “நேத்துதான் சார் எல்லாம் மாத்துனோம், சிலோன்காரங்க எப்பவும் இங்கதான் தங்குறாங்க, யாரும் குறை சொன்னதில்ல” என்றார் வரவேற்பில் இருந்தவர். குழுத் தலைவரைக் கேட்டால், “ஒரு ராத்திரிதானே அண்ணே, மாதாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கோ” என்றார். இந்த இரண்டு பதில்களுக்கு நடுவேதான் நம் யாத்திரிகர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். விடுதிக்காரருக்கு நாங்கள் வாடிக்கையாளர் இல்லை, குழுத் தலைவர்தான் வாடிக்கையாளர். குழுத் தலைவரோ பக்தியைக் காட்டி வாயை அடைக்கிறார். அழுக்கு மெத்தையில் படுப்பதற்கும் மாதாவின் அருளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மலிவான விடுதி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறைந்த வாடகைக்கு ஏசி கேட்க முடியாது, தொலைக்காட்சி கேட்க முடியாது, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்றும் கேட்க முடியாது. தோய்த்த விரிப்பும், உலர்ந்த மெத்தையும், பூட்டக்கூடிய கதவும், ஓடும் தண்ணீரும் வேறு வகை. இவை இல்லாவிட்டால் அது வாடகைக்கு விடக்கூடிய அறையே இல்லை. விரிப்புத் தோய்க்கும் செலவு ஓர் இரவு வாடகையில் மிகச் சிறிய பங்கு. அதையும் மிச்சம் பிடிப்பதற்கு ஒரே காரணம், முறையிட ஆள் இல்லை என்ற தைரியம்.

அழுக்கு வீடு வரைக்கும் வரும்

மூட்டைப் பூச்சி நோய் பரப்புவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அது ஆறுதலான செய்திதான். ஆனால் அது விடுதியோடு நின்றுவிடுவதில்லை. பையின் மடிப்பிலும் துணியின் ஓரத்திலும் ஏறிக்கொண்டு விமானத்தில் வந்துவிடும். ஒரு பெண் பூச்சி வாழ்நாளில் சில நூறு முட்டை இடும். இரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கடையில் விற்கும் மருந்துகள் பலவற்றுக்கு அது பழகிவிட்டது. 2023இல் பாரிஸ் நகரமே, மறு வருடம் ஒலிம்பிக் போட்டியை நடத்தவிருந்த நேரத்தில், ரயில் இருக்கையிலும் திரையரங்கிலும் மூட்டைப் பூச்சி என்று பதறிப்போனது நினைவிருக்கும்.

தனி வீட்டில் இருப்பவருக்கு அது ஒரு தொல்லை. முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் தொடர்மாடிகளிலும், சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டக் குடியிருப்புகளிலும் வாழ்கிறவர்களுக்கு அது அயல் முழுவதற்குமான தொல்லை. சுவர் வெடிப்பாலும் மின்கம்பிக் குழாயாலும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மெத்தையைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு, கட்டிலை எரித்தவர்கள் உண்டு. ‘அந்த வீட்டில் மூட்டைப் பூச்சி’ என்று பிள்ளைகளை விளையாட அனுப்பாமல் விட்டவர்களும் உண்டு.

சொறி சிரங்கு, சுத்தமில்லாத தண்ணீரால் வரும் செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல் ஆகியவை இன்னும் பாரமானவை. யாத்திரை முடிந்து வந்தவர் ஒரு கிழமை படுத்துவிட்டால், நாட்கூலிக்காரரின் வீட்டில் அந்தக் கிழமை வருமானம் இல்லை. பயணச் செலவில் இதை எவரும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதில்லை.

இதைவிட அச்சம் தருவது இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் விரிப்பையே மாற்றாதவர், கண்ணுக்குத் தெரியாத மின்கம்பியையும் அவசர வழியையும் பார்த்திருப்பார் என்று எப்படி நம்புவது? டில்லி கரோல் பாக் பகுதியில் ஒரு ஹோட்டலில் 2019 பெப்ரவரி 12ஆம் தேதி விடியற்காலையில் பிடித்த தீயில் 17 பேர் இறந்தார்கள். கொல்கத்தா புராபஜாரில் 2025 ஏப்ரல் 29ஆம் தேதி இரவு ஒரு ஹோட்டலில் தீப்பற்றி 14 பேர் மாண்டார்கள். பலர் புகையில் மூச்சடைத்தே இறந்தார்கள். அவர்களில் கரூரிலிருந்து சுற்றுலா போன ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளும் அவர்களின் தாத்தாவும் இருந்தார்கள். நம் ஆட்கள் போவதைப் போலவே நெரிசலான சந்தைத் தெருவில் நடுத்தர வாடகை விடுதியில் தங்கியவர்கள் அவர்கள்.

ஹெந்தலையில் தொடங்கிய வழக்கு

பயணத்தில் அழுக்கு அறை கிடைத்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கும் ஒரு வழக்கு உண்டு. அது தொடங்கிய இடம் எங்கள் முகத்துவாரத்துக்கு மிகவும் கிட்ட. மட்டக்குளிப் பாலத்தால் களனி ஆற்றைக் கடந்தால் ஹெக்கித்தை, அதற்கு அப்பால் ஹெந்தலை. அங்கே கடலோரத்தில் பெகசஸ் ரீஃப் ஹோட்டலைக் கட்டிக்கொண்டிருந்த காலம்.

1970இன் கடைசியில் இங்கிலாந்தில் ஜாக்சன் என்ற ஓர் இளம் வியாபாரி, மனைவியோடும் மூன்று வயது இரட்டைப் பையன்களோடும் நான்கு வாரம் இலங்கையில் கழிக்க, ஹொரைசன் ஹொலிடேஸ் என்ற பயண நிறுவனத்தில் பதிவு செய்தார். பிள்ளைகளின் அறைக்கும் தங்கள் அறைக்கும் நடுவே கதவு கட்டாயம் இருக்க வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதினார். புறப்படச் சில நாள் இருக்கும்போது, ஹெந்தலை ஹோட்டல் வேலை முடியவில்லை என்று நிறுவனம் சொன்னது. நீர்கொழும்பில் வேறொரு ஹோட்டல் தருகிறோம், அதுவும் உங்கள் எதிர்பார்ப்புக்குக் குறையாது என்றது. 1,432 பவுண் என்றிருந்த கட்டணம் 1,200 ஆகக் குறைந்தது.

வந்து பார்த்தால் நடுவே கதவு இல்லை. பிள்ளைகளின் அறைச் சுவரின் அடிப்பகுதி பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தது. கழிப்பறையில் கறை, குளியலறையில் அழுக்கு. விளம்பரத்தில் இருந்த நீச்சல் குளமும் இல்லை. பிள்ளைகளை அந்த அறையில் படுக்கவைக்க மனம் வராமல், முதல் மூன்று நாளும் நால்வரும் ஒரே அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்களில் நெருக்கிப் படுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஹெந்தலைக்கு மாறினார்கள். அங்கே கட்டட வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் அவர் வழக்குப் போட்டது ஹோட்டல் மீது அல்ல. பயணத்தை விற்ற நிறுவனத்தின் மீது. நிறுவனம் தன் பொறுப்பை ஒத்துக்கொண்டு, தொகை அதிகம் என்று மட்டுமே மேல்முறையீடு செய்தது. டெனிங் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் 1974இல் அந்த முறையீட்டைத் தள்ளிவிட்டது. கட்டிய பணம் 1,200 பவுண், கிடைத்த நட்டஈடு 1,100 பவுண். ஒப்பந்தம் எழுதியவர் கணவர் ஒருவர்தான் என்றாலும், மனைவியும் பிள்ளைகளும் பட்ட கஷ்டத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கலாம் என்றார் டெனிங். ஜாக்சன் எதிர் ஹொரைசன் ஹொலிடேஸ் என்று அந்தத் தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது.

ஐரோப்பாவில் 1990இலும் பிறகு 2015இலும் வந்த விதிகள் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டன. விமானம், தங்குமிடம், பஸ் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து விற்றவர், அவற்றை அங்கே யார் நடத்தினாலும் தானே பொறுப்பு. குறை சொன்னதும் திருத்திக்கொடுக்க வேண்டும், இல்லையேல் பணத்தில் கழிக்க வேண்டும். ‘அது அந்த ஹோட்டல்காரரின் பிழை’ என்று கையை விரிக்க முடியாது.

இங்கிலாந்திலிருந்து நம் கடற்கரைக்கு வந்த குடும்பத்துக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே கிடைத்த நியாயம், இந்தக் கரையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகும் குடும்பத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள், நம்மவர் நேர்த்திக்குப் போகிறவர்கள். படுக்கை விஷயத்தில் இருவருக்கும் உரிமை ஒன்றுதான்.

யார் படுக்கிறார், எதில் படுக்கிறார்

இந்தியாவில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து தங்குகிறவரைப் பற்றி விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு, ‘சி படிவம்’ என்று வழக்கில் சொல்லும் படிவத்தை அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கும் அதனால் வரும் விசாரணைக்கும் தயங்கி, நல்ல சின்ன விடுதிகள் பலவும் ‘ஃபாரினர் எடுப்பதில்லை’ என்று சொல்லிவிடுகின்றன. அதிலும் இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் தயக்கம் கூடும். ஆக, நம்மவரை ஏற்கும் சில லொட்ஜுகளையே எல்லாக் குழுக்களும் சுற்றிச் சுற்றிப் பிடிக்கின்றன. போட்டி இல்லாத இடத்தில் விரிப்பை மாற்ற விடுதிக்காரருக்கு என்ன அவசரம்?

கொழும்பும் இதில் குறைந்ததல்ல. போர்க்காலத்தில் வெளிநாடு போகவென்று வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, கோட்டை, புறக்கோட்டை லொட்ஜுகளில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். பலகை மறைப்பில் பிரித்த அறைகள், மாடிக்கு ஒரே குளியலறை, வரிசையில் நின்று குளிப்பு. 2007 ஜூன் 7ஆம் தேதி விடியற்காலையில் பொலிஸார் அந்த லொட்ஜுகளுக்குள் புகுந்து 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த வருடங்களில் லொட்ஜ் பதிவேட்டைப் பார்க்க இரவும் பகலும் ஆள் வந்தது. மெத்தையைப் பார்க்க ஆள் வந்ததாக அங்கே தங்கிய எவரும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டு கரையிலும் அரசுக்கு அறையில் யார் படுக்கிறார் என்பதில் இருக்கும் அக்கறை, எதில் படுக்கிறார் என்பதில் இல்லை. வெள்ளைக்காரன் 1867இல் இந்தியாவில் கொண்டுவந்த சராய்ச் சட்டம்கூட இதைவிட மேல். வழிப்போக்கர் விடுதி நடத்துகிறவர் அறைகளையும் விறாந்தைகளையும் கால்வாய்களையும் கிணற்றையும் சுத்தம் செய்ய வேண்டும், தொற்றுநோய் கண்டவர் இருந்தால் உடனே அறிவிக்க வேண்டும், கட்டண விபரத்தை அதிகாரி சொல்லும் மொழியில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மாட்டுவண்டியில் போனவனுக்கு எழுதி வைத்தது, விமானத்தில் போகிறவனுக்குக் கிடைக்கவில்லை.

மடம் கட்டியவர்கள்

தங்குமிடத்தை நம் முன்னோர் விதியிடம் விட்டுவிடவில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன திருநெல்வேலி ஞானப்பிரகாசர் சிதம்பரத்தில் வெட்டுவித்த குளம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. சிதம்பரத்திலும் வேதாரணியத்திலும் யாழ்ப்பாணத்தார் மடங்கள் அமைத்தார்கள். ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் பாடசாலையே தொடங்கினார். கொழும்பு செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில் கட்டிய நாட்டுக்கோட்டை நகரத்தார், காசியிலும் இராமேஸ்வரத்திலும் சத்திரம் கட்டித் தம் ஆட்களை நிம்மதியாகப் படுக்க வைத்தார்கள்.

சிங்களப் பௌத்த யாத்திரிகர்களைப் பாருங்கள். அநகாரிக தர்மபால 1891இல் தொடங்கிய மகாபோதி சங்கத்துக்குப் புத்தகயாவிலும் சாரநாத்திலும் யாத்திரிகர் விடுதிகள் உண்டு. சென்னை எழும்பூரிலும் அவர்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. வழியில் இறங்குகிறவர் நேரே அங்கே போகலாம், சொந்த மொழியில் பேசலாம், குறை இருந்தால் தெரிந்த ஒருவரிடம் சொல்லலாம். நம் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் பணம் இல்லாமல் இல்லை. கோபுரத்துக்கும் தேருக்கும் கொடுக்கிற கைகள், சென்னையில் இருபது அறை கொண்ட ஓர் இல்லத்துக்கும் கொடுக்கும் என்றே நம்புகிறேன். கேட்க ஒருவர் முன்வர வேண்டும்.

செய்ய வேண்டியது

முதல் வேலை, வாய்ப்பேச்சை எழுத்தாக்குவது. முற்பணம் வாங்கும் முன் விடுதியின் பெயர், விலாசம், தொலைபேசி, ஓர் அறைக்கு எத்தனை பேர், குளியலறை உள்ளேயா வெளியேயா, எத்தனையாவது மாடி என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். வழியில் விடுதியை மாற்ற நேர்ந்தால் அதே தரத்தில் மாற்றுவோம் அல்லது பணத்தைக் கழிப்போம் என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும். பயண முகவர்களுக்கு உரிமம் வழங்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை இதை உரிம நிபந்தனையாகவே வைக்கலாம். புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

உரிமமே இல்லாமல் வருடத்துக்கு ஒன்றிரண்டு குழு கூட்டிப் போகிற குருசாமிமாரும் செபக்குழுத் தலைவர்களும் நிறையப் பேர். அவர்களில் அநேகர் நல்லவர்கள், ஆதாயம் பாராமல் ஓடி ஓடி வேலை செய்கிறவர்கள். அவர்களைத் தண்டிக்கக் கேட்கவில்லை. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களமும் கிறிஸ்தவ, முஸ்லிம் சமயத் திணைக்களங்களும் அவர்களைப் பதிவு செய்து, போய் வந்தவர்கள் நல்லது என்று சொன்ன விடுதிகளின் பட்டியலைக் கையில் கொடுக்கட்டும். சபரிமலைக்கு அங்கீகாரம் கொடுத்தாகிவிட்டது. இந்தப் பட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம்.

வேளாங்கண்ணித் திருத்தலமே நடத்தும் விடுதிகள், ஸ்ரீரங்கத்தில் அறநிலையத் துறை நடத்தும் யாத்ரி நிவாஸ், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல்கள் ஆகியவற்றை முன்கூட்டிப் பதிவு செய்வதைப் பங்குத் தந்தைமாரும் கோயில் நிர்வாகங்களும் பொறுப்பெடுக்கலாம். ஓகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்பன் காலம். தேதிகள் எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்கில் முன்னரே எழுதினால் நல்ல அறை கிடைக்கும். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் ஓடுவதால், நாகையில் இறங்குகிறவர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

சென்னையிலுள்ள நம் துணை உயர்ஸ்தானிகராலயம், யாத்திரைக் காலங்களில் தமிழ் பேசும் ஒருவர் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணை அறிவிக்கட்டும். சி படிவச் சிக்கலால் இலங்கையரைத் திருப்பி அனுப்பும் விடுதிகள் பற்றித் தமிழக அரசோடு பேச வேண்டியதும் அந்த அலுவலகம்தான்.

கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போவது போலக் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளின் மாடிகளுக்கும் ஏற வேண்டும். மகரகமவுக்குப் புற்றுநோய் சிகிச்சைக்கும், பத்தரமுல்லைக்குக் கடவுச்சீட்டுக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்றும் கொழும்பில் இப்படியான அறைகளைத்தான் தேடுகிறார்கள். இந்தியாவில் கேட்கும் சுத்தத்தை இங்கேயும் கேட்க வேண்டும்.

பயணம் போகிறவர் செய்ய வேண்டியதும் உண்டு. அறைக்குள் போனதும் பைகளைக் கட்டிலில் போடாதீர்கள். விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தைத் தையலையும் கட்டில் தலைமாட்டு இடுக்கையும் போன் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ பூச்சித் தோலோ கண்டால் உடனே வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறை வேண்டாம், வேறு மாடி கேளுங்கள். படிக்கட்டு எங்கே, அவசர வழி பூட்டியிருக்கிறதா என்று படுக்க முன் ஒரு தடவை நடந்து பாருங்கள். வீடு வந்ததும் துணிகளைக் கொதிநீரில் போடுங்கள், பையை வீட்டுக்குள் கொண்டுபோக முன் முற்றத்தில் வைத்து உதறித் துடையுங்கள்.

முறைப்பாட்டுக்கும் வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விளக்கம் கேட்க 1977 என்ற எண் உண்டு. முகவர் தந்த விளம்பரத் துண்டு, பணம் கட்டிய ரசீது, அறையின் படங்கள், அன்றிரவே குழுத் தலைவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, உடன் வந்த இருவர் கையொப்பமிட்ட சின்னக் கடிதம் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். ஒரு குழுவில் போன நாற்பது பேரில் பத்துப் பேர் அப்படி எழுதிக் கொடுத்தால், அடுத்த வருட விளம்பரத்தில் விடுதியின் பெயரைப் போட முகவர் தயங்க மாட்டார்.